பெரிய குடும்பம் குழு: சனிக்கிழமை ஹோட்டல் பில்

பெரியப்பா: (பில் படம்)

பெரியப்பா: எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு 6,400. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 640. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 352. மொத்தம் 7,392. நாம் 14 பேர். தலைக்கு 528. என் நம்பருக்கு ஜிபே செய்யவும்.

சித்தி: சரி அத்தான்

மாலா அத்தை: அம்மாவுக்கும் 528-ஆ? ஒரு இட்லிதானே சாப்பிட்டாங்க

பெரியப்பா: தலைக்கு என்றால் தலைக்கு, மாலா.

சேகர் மாமா: (இனிய காலை வணக்கம், ரோஜாப் படம்)

திவ்யா: பெரிய மாமா, சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லியிருக்கலாமே

பெரியப்பா: அதைத்தானே கேஷியரிடம் சொன்னேன். 2022 ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம். இவ்வளவையும் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர், "விடுங்க மச்சான், மானம் போகுது" என்றார்.

சேகர் மாமா: வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள் மச்சான்

மாலா அத்தை: பில் வரும்போது கை கழுவப் போன ஆளுக்கு வரிசை தெரிஞ்சிருக்கு

சேகர் மாமா: மாலா, இது குரூப்

திவ்யா: அந்த 640 இல்லாவிட்டால் தலைக்கு 480தான்

பெரியப்பா: அதனால்தான் டிப்ஸ் ஒரு பைசா வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார வைத்தவனுக்கு எதற்கு?

கார்த்தி: உட்கார வைத்தது அவர் இல்லை பெரியப்பா

கார்த்தி: கல்லில் மாஸ்டர் ஒருத்தர்தான். மாமாவோடு கை கழுவப் போனபோது பார்த்தேன். ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்குகிறது. கேட்டரிங் படிக்கும்போது நானும் சப்ளை பார்த்தவன்தான். உள்ளே போனால் மாஸ்டர் திட்டுவார், வெளியே வந்தால் டேபிள் திட்டும்.

சித்தி: பாவம்தான். குட்டி சாம்பாரைக் கொட்டினதும் அந்தப் பையன்தான் ஓடி வந்து துடைச்சு, முகம் சுளிக்காமல் வேற இலை போட்டான்

மாலா அத்தை: எனக்கு வெங்காயம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். வெங்காய ஊத்தப்பம் வந்தது. கேட்டால், நீங்க சொல்லவே இல்லை என்கிறான்

கார்த்தி: அது அவர் தப்பு அத்தை. அதற்கு டிப்ஸைக் குறைத்தால் நியாயம். லேட்டுக்கு முதலாளியிடம்தான் பேசணும்.

பெரியப்பா: 640 கொடுத்திருக்கிறோமே. அதில் அவனுக்குப் போகாதா?

கார்த்தி: அது முதலாளி கணக்கில் விழும். பங்கு தருவது அவர் இஷ்டம். நான் இருந்த இடத்தில் கண்ணிலேயே காட்டவில்லை. டேபிளில் வைக்கிற காசுதான் எங்கள் கைக்கு வரும். அதையும் தண்ணீர் வைக்கிற பையன், இலை எடுக்கிற அக்கா எல்லோரும் ராத்திரி பிரித்துக்கொள்வோம்.

பெரியப்பா: அப்படியானால் சர்வீஸ் சார்ஜை எடுக்க வைத்து, அதில் பாதியை அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

சேகர் மாமா: கொடுத்திருப்பீங்களா மச்சான்?

மாலா அத்தை: அண்ணன் கொடுக்கும். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவங்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்ததே அண்ணன்தான். மாப்பிள்ளை வீட்டார் பாயசம் பத்தலை என்றதுதான் மிச்சம்

சேகர் மாமா: பத்தலைதான்

சித்தி: பாட்டி பிளாஸ்க்கை யார் எடுத்தீங்க?

சித்தி: யாருமே எடுக்கலையா?

திவ்யா: வெள்ளை மூடியா? நாற்காலிக்குக் கீழே பார்த்தேன்

பாட்டி: (குரல் பதிவு)

மாலா அத்தை: அம்மா, மிக்ஸி சத்தம்தான் கேட்குது

கார்த்தி: நாளைக்கு அந்தப் பக்கம்தான் போகிறேன். கேட்டு வாங்கிவிடுகிறேன். அப்படியே அவர் கையில் 200 கொடுத்துவிடவா? பொதுக் கணக்கில்?

சித்தி: கொடு

பெரியப்பா: 100 போதும். ஊத்தப்பத்துக்குக் கழித்துக்கொள்.

மாலா அத்தை: ஊத்தப்பம் எனக்குத்தானே வந்தது, கழிவு எனக்கு இல்லையா

பெரியப்பா: கார்த்தி, மேனேஜரிடம் சர்வீஸ் சார்ஜையும் கேள். பில்லை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போ. 1915 என்று சொன்னாலே போதும்.

கார்த்தி: பிளாஸ்க் கைக்கு வந்ததும் கேட்கிறேன் பெரியப்பா

திவ்யா: அப்புறம், வளைகாப்புச் சாப்பாடும் அங்கேதானா? அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்று அப்பா சொன்னாரே

பெரியப்பா: மாப்பிள்ளை?

சேகர் மாமா: 👍

மாலா அத்தை: எதுக்கு இந்தக் கட்டை விரல்? கொடுத்தாச்சா, இல்லையா?

சேகர் மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)