100 லிட்டர் மீன் தொட்டியில் ஏஞ்சலும் நியானும் சேருமா?

கேள்வி:
தொட்டி 80 செ.மீ நீளம், 100 லிட்டர். ஏஞ்சல் 2, நியான் டெட்ரா 10, டைகர் பார்ப் 4, கப்பி 6, பாசி தின்ன ஒரு பிளெக்கோ மீன். ஒத்துப்போகுமா?

பதில் 1:
போகாதுங்க. வாய்க்குள் நுழையும் எதுவும் ஏஞ்சலுக்கு இரைதான். நியான் 3 செ.மீ சொச்சம்தான். குட்டி ஏஞ்சல் சாதுவாக இருக்கும், வளர்ந்ததும் நியான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். டைகர் பார்ப் 8க்குக் குறைந்தால் தங்களுக்குள் போட வேண்டிய சண்டையை மற்ற மீன்கள் மேல் காட்டும். ஏஞ்சலின் தொங்கும் துடுப்பும் கப்பி வாலும் கந்தல்தான். கடிபட்ட ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி படிந்தால் பூஞ்சை.

பதில் 2:
தண்ணீரைப் பார்த்தீங்களா? கப்பிக்குக் கடினநீர், பி.எச் 7–8. நியானுக்கு மென்னீர், 6–7. சாதா பிளெக்கோ 30 செ.மீ தாண்டும், விட்டுடுங்க.

கேட்டவர்:
மென்னீர்தான், 6.8. அப்போ எதை விடலாம்?

பதில் 1:
நியான் 12, பாண்டா கோரி (அடியில் மேயும் குட்டிக் கெளுத்தி) 6, ஹனி கௌராமி ஒரு ஜோடி. சூடு 24–25 டிகிரி. கோரிக்கு அடியில் நைஸ் மணல் போடுங்க. கூரான கல்லில் மீசை தேய்ந்து புண்ணாகும். கௌராமிக்கு மிதக்கும் செடி கொஞ்சம்.

பதில் 3:
எல்லாத்தையும் ஒரே நாளில் விடாதீங்க. மீன் இல்லாமலே அமோனியா ஊற்றி ஃபில்டரைப் பழக்குங்க, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை அதில் வளர விடுங்க, 4–6 வாரம் ஆகலாம். 2 பி.பி.எம் (லிட்டருக்கு 2 மி.கி) அளவுக்கு ஊற்றினால் 24 மணி நேரத்தில் அமோனியா, அது மாறி உண்டாகும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகணும். முதலில் கௌராமி, ரெண்டு வாரம் கழித்து கோரி. நியான் கடைசி, புதுத் தொட்டியைத் தாங்காது.