பின் சஸ்பென்ஷன் சத்தம்: ஷாக்கை மாற்றும் முன் என்னென்ன பார்த்தீர்கள்?

செடான் வண்டியின் பின்பக்கம் 'லொடக்' என்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் உடனே வரும் தீர்ப்பு "ஷாக் போயிருச்சு" என்பதுதான். (ஷாக் என்பது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்.) என் சித்தப்பா வண்டிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பின் ஷாக் இரண்டும் புதுசாகப் போட்டாயிற்று, சத்தம் மட்டும் போகவில்லை. அதற்கப்புறம்தான் வண்டி என் கைக்கு வந்தது. நான் பார்த்ததை விவரமாக எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் தொடர்ந்து எழுதுங்கள். இந்த வேலையில் ஒருவர் பட்டது இன்னொருவருக்கு நிஜமாகவே உதவும்.

அது முன்சக்கர டிரைவ் வண்டி. பின்னால் மல்டி லிங்க் அமைப்பு: ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு டிரெய்லிங் ஆர்ம், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள மேலும் கீழுமாகச் சில ஆர்ம்கள், தனி காயில் ஸ்பிரிங், தனி ஷாக், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார். இத்தனை மூட்டுகளில் எது வேண்டுமானாலும் சத்தம் போடலாம். உள்ளே உட்கார்ந்து கேட்டால் எல்லாமே பின் சீட்டுக்கு அடியிலிருந்து வருவதாகத்தான் தோன்றும்.

அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று கவனித்தேன். வேகத்தடையில் நேராக, இரண்டு பின்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. அதே வேகத்தடையில் சாய்வாக ஏறி, ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் ஏற்றினால் 'லொடக்'. இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்குவதில்லை, அதன் லிங்க்குகளுக்கு (பாரின் முனைகளைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பிகள்) பெரிய சுமையும் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் எழுந்தால்தான் பார் முறுக்கி லிங்க்கை இழுக்கும். ஷாக்கோ அதன் மேல் மவுண்ட்டோ காரணமாக இருந்திருந்தால் இரண்டு விதத்திலும் சத்தம் வந்திருக்க வேண்டும்.

சரி, லிங்க்தான் என்று சந்தேகம் வந்தாயிற்று. ஆனால் வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் ஆட்டிப் பார்த்தால் ப்ளே (மூட்டின் தளர்வு) தெரியாது. பலரும் "லிங்க் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவது இங்கேதான். ஒரு சக்கரம் தொங்கி, மற்றது தரையில் இருக்கும்போது பார் முறுக்கிய நிலையில் லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும். லிங்க் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அசையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்: இரண்டும் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் ரேம்ப் மேல் நிற்க வேண்டும். அப்படி வைத்து லிங்க்கைப் பிடித்து வேகமாக ஆட்டியதும் இடது பக்கம் 'டிக் டிக்' என்று விரலிலேயே தட்டியது. உறுதி செய்துகொள்ள லிங்க்குகளைக் கழற்றிவிட்டு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டினேன். சத்தம் இல்லை. (பார் இல்லாமல் வண்டி வளைவில் கூடுதலாகச் சாயும். இது மெதுவாக ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டுமே.)

லிங்க் மாற்றியதும் அந்தச் சத்தம் போய்விட்டது. அப்போதுதான் அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் தெளிவாகக் கேட்டது. ரிவர்ஸில் போய் பிரேக் அடித்தால் ஒரு கனமான 'டொம்'. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது டிரெய்லிங் ஆர்ம். அதன் முன்முனையில் இருக்கும் பெரிய ரப்பர் புஷ்ஷை (ஆர்மைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் உருளை) வெறும் கண்ணால் பார்த்தால் மேலே சின்னச் சின்ன வெடிப்புகள் மட்டும் தெரிந்தன. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு இருப்பதாலேயே புஷ் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கடப்பாரைக் கம்பியை ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் கொடுத்து நெம்பியபோது, நடு இரும்புக் குழாயைச் சுற்றி ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்து வாய் பிளந்தது. கையை எடுத்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

எனக்கு உறுத்திய கேள்வி, ஒரு பக்க புஷ் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழிந்தது என்பது. பதில் மறுபக்கத்தில் கிடைத்தது. வண்டி தன் சக்கரத்தில் நிற்கும் நிலையில் கிழியாத வலது பக்க போல்ட்டைத் தளர்த்தினேன். நட் லூஸானதும் உள்குழாய் 'க்ர்ர்க்' என்று தானாகவே கொஞ்சம் திரும்பி நின்றது. அதாவது அந்த ரப்பர் இத்தனை நாளும் முறுக்கிய நிலையிலேயே இருந்திருக்கிறது. முன்பு யாரோ சக்கரம் தொங்கும்போது அந்த போல்ட்டை முழுசாக இறுக்கியிருக்கிறார்கள்.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த வகை புஷ்ஷில் ரப்பர், நடுக்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கினால் நடுக்குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆர்ம் ஏறி இறங்குவது முழுக்க ரப்பரின் முறுக்கில்தான். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டுவிடும். பள்ளத்தில் விழும்போது அதற்கு மேலும் முறுக்கும். சீக்கிரம் கிழிவதில் ஆச்சரியமே இல்லை.

நான் செய்த முறை: தூக்குவதற்கு முன்பே, சமதரையில் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிவைத்தேன். 372 மி.மீ. இருந்தது. புது புஷ் போட்டு எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்த அளவு வரும்வரை ஏற்றினேன். செடானுக்குப் பின்பக்கம் எடை குறைவு என்பதால், அந்த அளவு வருவதற்குள் பாடி ஜாக் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும். டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் எழும்பாது. ஸ்டாண்டிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. சக்கரத்தோடு ஏற்றும் ரேம்ப் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. அதற்கப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), அதுவும் அந்த வண்டிக்கான சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்தில்தான் வேலை செய்யும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் ஒரு பிடிப்பும் கிடையாது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கியரில் போட்டுவிட்டுத்தான் அடியில் கை வையுங்கள்.

*

அண்ணா, அருமையான பதிவு. என் வண்டியில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்தரம். உங்கள் வண்டியில் இருக்கிற அளவுக்கு மூட்டுகள் இல்லை. பீமின் இரண்டு புஷ், இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக், அவ்வளவுதான். எனக்கு வந்தது வேறு சத்தம். ரிவர்ஸ் எடுத்து ஓரத்தில் ஏற்றும்போது மட்டும் 'டங்' என்று ஒரு உலோகச் சத்தம்.

நீங்கள் சொன்ன அதே டேப் அளவுதான் எனக்கும் வழிகாட்டியது. இடது பக்கம் வலதைவிட 15 மி.மீ. தாழ்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அடியில் குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் முழுசாகத்தான் தெரிந்தது. அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தபோதுதான், கடைசி சுற்று உடைந்து, உடைந்த துண்டு கீழ் சீட்டிலேயே படிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஸ்பிரிங் சீட்டில் உரசும் இடத்தில் பெயின்ட் போய், ஈரமும் மண்ணும் தங்கி, துரு பிடித்து அங்கேதான் பெரும்பாலும் உடைகிறது.

இந்த அமைப்பில் பீமுக்கு ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்துவிட்டு மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஆனால் பீம் அதிகம் கீழே போகாமல் பிடித்திருந்ததே அந்த ஷாக்தான். அது இல்லாதபோது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எடையைத் தாங்கக் கூடாது. இறக்கும்போது பக்கத்தில் ஒருவரை நிறுத்தி அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட் வகையில் கதையே வேறு. கம்ப்ரெஸர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து யாரும் முயற்சி செய்யாதீர்கள்.

ஸ்பிரிங் ஜோடியாகவே மாற்றினேன். ஒன்று மட்டும் புதுசு என்றால் உயரம் ஒத்துப்போகாது.

*

எனக்குச் சின்ன அனுபவம்தான். பின்னால் கடகடவென்று சத்தம். சஸ்பென்ஷனில் ஒரு குறையும் இல்லை. டிக்கியில் இருந்த ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஓட்டினேன், சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதி, மடக்கும் பின் சீட்டின் லாக். அதில் கெட்டித்துணி சுற்றியதும் நின்றது.

இன்னொரு சோதனை: சத்தம் வரும் சாலையில் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டிப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால் ஆடுவது பிரேக் பேடோ கேலிப்பரோதான்.

*

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஷாக் பக்கம் நின்றும் கொஞ்சம் பேசுகிறேன். ஷாக் மேல் பழி போடுவது தப்பு என்று சார் சொன்னது சரி. ஆனால் நிஜமாகவே போன ஷாக்கை நம்பி ஓட்டுகிறவர்களும் நிறைய.

ஷாக் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் தூசி ஒட்டியிருப்பது குறையல்ல. ராட் (ஷாக்கின் நடுக்கம்பி) உள்ளே போய் வரும்போது சீலை (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) நனைக்கிற எண்ணெய் கொஞ்சம் ஆவியாகி வெளியே படியும். துடைத்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். மறுபடி ஈரமாகி, கீழ்ப்பக்கம் வழிந்து சொட்டினால் சீல் போய்விட்டது. டிக்கி மேல் கை வைத்து அமுக்கிப் பார்க்கும் சோதனை, முழுசாகச் செத்த ஷாக்கைத்தான் காட்டும். பாதி பலவீனமானது அதில் பாஸாகிவிடும். நான் டயரைத் தடவிப் பார்ப்பேன். சுற்றளவு முழுக்க மேடும் பள்ளமுமாக மாறி மாறித் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையை விட்டுத் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படித் தேய்ந்த டயர் போடும் இரைச்சலை வீல் பேரிங் என்று நினைத்து பேரிங்கை மாற்றியவர்களும் உண்டு. பேரிங் இரைச்சல் பெரும்பாலும் வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது கூடும், அல்லது குறையும். டயர் இரைச்சல் அப்படி அதிகம் மாறாது.

புது ஷாக் மாட்டும்போது ஒரு விஷயம். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் விர்ரென்று இறுக்காதீர்கள். ராட்டே சுற்றும், உள்ளே இருக்கும் பிஸ்டனுக்கும் சீலுக்கும் அது நல்லதல்ல. ராட்டின் தலையில் ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு, நட்டைக் கைஸ்பேனரால் இறுக்க வேண்டும். பளபளப்பான ராட்டைக் குறடு போட்டுப் பிடிக்கவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கும்.

'கிரீச்' சத்தத்துக்கு ஒரு வழி: ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, வண்டியை ஆட்டிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், சாதாரண ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

*

வேலை முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட் பார்ப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆர்ம் மாற்றிய பிறகு ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. முன்சக்கரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பின்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) ஒரு பக்கம் விலகியிருந்ததால் வண்டியின் பின்பகுதி சாய்வாகத் தள்ளியது. அதைச் சமாளிக்க ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. இப்படியே விட்டால் பின் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமலே தேய்ந்து கம்பி வரை போய்விடும்.

கழற்றும் முன், அந்தக் கோணத்தை அட்ஜஸ்ட் செய்யும் கேம் போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். துரு பிடித்து நடுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் போல்ட் சுற்றாது, அதோடு சேர்ந்து ரப்பர்தான் முறுக்கும். எனக்கு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புது போல்ட் கைவசம் இல்லாமல் அந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு கேள்வி அண்ணா. டிரெய்லிங் ஆர்முக்கு ரப்பருக்குப் பதில் பாலியூரிதீன் (ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) புஷ் போடலாமா? கிழியவே கிழியாது என்கிறார்கள்.

*

தம்பி, தினமும் ஓட்டும் செடானில் அந்த இடத்துக்கு நான் போடமாட்டேன். மல்டி லிங்க்கில் டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. மற்ற ஆர்ம்கள் தங்கள் வட்டத்தில் இழுப்பதால் அது பக்கவாட்டிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். ரப்பர் எல்லாத் திசையிலும் விட்டுக்கொடுக்கும். பாலியூரிதீன் ஒரே அச்சில் சுற்றத்தான் லாயக்கு. அது கொடுக்காத அசைவை ஆர்மோ பாடியின் மவுண்ட்டோ வாங்கிக்கொள்ள வேண்டிவரும். கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடவும் செய்யும். ஸ்டெபிலைசர் பாரைப் பாடியோடு பிடிக்கும் புஷ்ஷுக்குத் தாராளமாகப் போடு, அங்கே பார் சுற்ற மட்டும்தான் செய்கிறது. டிரெய்லிங் ஆர்முக்கு ரப்பரே வாங்கு. ரப்பருக்குள் பள்ளம் விட்ட வகையாக இருந்தால், பழைய புஷ்ஷில் அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அழுத்தி எடுக்கும் முன் ஆர்மில் குறித்துவிடு. புதுசை அதே திசையில் ஏற்று. திசை மாறினால் பிரேக்கில் சக்கரம் போகும் தூரமே மாறிவிடும்.