நாடியில் (மோவாயில்) தையல் போட்டாச்சு, காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தாச்சா?

முகச் சீரமைப்பு மருத்துவர், மதுரை:

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. சைக்கிளிலிருந்தோ திண்ணையிலிருந்தோ குப்புற விழுந்து நாடி கிழிந்திருக்கும். நாலு தையலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடி வாங்கியது நாடி. உடைவதோ காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டுக் குமிழ். பிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி பாதி முறிந்து பாதி வளையும். வெளியே வீக்கம்கூடத் தெரியாமல் போகலாம்.

தையலுக்கு முன் இதைச் செய்யுங்கள். இரண்டு காதுத் துவாரத்திலும் சுண்டுவிரல் நுனியை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். நல்ல மூட்டு விரலுக்கு முன்னால் நகர்வது தெரியும். உடைந்தது நகராது, அல்லது பிள்ளை வலியில் அழும். திறக்கும்போது நாடி எந்தப் பக்கம் கோணுகிறதோ, உடைவு பெரும்பாலும் அந்தப் பக்கம். கடைவாய்ப் பற்கள் மட்டும் கடிபட்டு முன்பற்கள் சேராமல் நின்றால் இரண்டு பக்கமும் உடைந்திருக்கலாம். காதில் ரத்தம் வந்தால் தலைக்காயத்தோடு இதையும் சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. கூழ், குழைந்த சோறு போதும். பற்களைச் சேர்த்துக் கட்டினாலும் 7 முதல் 10 நாள்தான். பிறகு வாய் திறக்கும் பயிற்சி. பச்சிலைப் பத்துப் போட்டு வாரக்கணக்கில் நாடியை இறுக்கிக் கட்டிவைத்தால் மூட்டு ஒட்டிப்போகும், தாடை வளராது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆறின பிறகும் வளர்ச்சி முடியும்வரை வருடா வருடம் காட்ட வேண்டும்.

அவசரப் பிரிவு செவிலியர், திருமங்கலம்:

கண்ணில் பந்து பட்ட பிள்ளைக்கும் இதே ஏமாற்று உண்டு. கண் சிவக்காது, ஆனால் வாந்தி எடுக்கும். தலையை அசைக்காமல் பேனாவை மேலே நகர்த்தினால் ஒரு கண் பின்தொடராது. கண்குழியின் அடி எலும்பு கதவு போலத் திறந்து, தசையைக் கவ்வி மூடிக்கொண்டது. தலையடி என்று காத்திருக்காமல் அன்றே அனுப்புங்கள். ஓரிரு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் தசை கெட்டுவிடும்.

மூக்கடிக்கு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுச்சுவர் நீலம் பாய்ந்து மெத்தென்று உப்பியிருந்தால் ரத்தம் கட்டியிருக்கிறது. அன்றைக்கே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்குத்தண்டு பள்ளமாகும்.

பல் மருத்துவர், மதுரை:

பைக் டேங்க் மேல் உட்காரவைப்பதையும் சொல்ல வேண்டும். பிரேக் பிடித்தால் பிள்ளையின் முகம் நேராக ஹேண்டில்பாரில்தான். அரை ஹெல்மெட் நாடியை மூடாது. பின்னால் உட்காரவைத்து, ஓட்டுபவரோடு சேர்த்துப் பூட்டும் பெல்ட் போடுங்கள்.