9 வயது லேப்ரடாருக்குத் துணை: குட்டியா, வளர்ந்த நாயா?

உறையூர்வாசி:
வணக்கம். வீட்டில் 9 வயது ஆண் லேப் இருக்கான். 36 கிலோ, கருத்தடை செய்யலை. கூடவே வளர்ந்த பெட்டை மூணு மாசம் முன்னாடி இறந்துபோச்சு. அதிலிருந்து பாதி சாப்பாடுதான், கேட் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறான். எழுந்திருக்கும்போது பின்னங்கால் கொஞ்சம் தடுமாறுது. துணைக்கு ஒண்ணு கொண்டுவரலாம்னு இருக்கோம். கையில் மூணு வாய்ப்பு: 50 நாள் லேப் ஆண் குட்டி, விருதுநகர்ப் பக்கம் சொந்தக்காரங்க தர்றதா சொல்ற சிப்பிப்பாறைக் குட்டி, காப்பகத்தில் இருக்கிற 4 வயசு நாட்டுப் பெட்டை, 17 கிலோ, கருத்தடை ஆனது. தனி வீடு, காம்பவுண்ட் சுவர் நாலரை அடி. காலை 9லிருந்து மாலை 5 வரை வீட்டில் ஆள் கிடையாது. எதை எடுக்கலாம்? எப்படிச் சேர்த்துவைக்கிறது?

செவலை:
எதையும் எடுக்கிறதுக்கு முன்னாடி பெரியவனை டாக்டர்கிட்ட காட்டுங்க. துணை போன ஏக்கத்தில் நாய் சாப்பாட்டைக் குறைக்கும், உண்மைதான். ஆனா மூணு மாசமா பாதி சாப்பாடுன்னா ஏக்கம்னு மட்டும் விட்டுடக் கூடாது. நீங்க எழுதினதில் ஒரு விஷயம் உறுத்துது: பாதிதான் சாப்பிடறான், எடை மட்டும் 36லேயே நிக்குதா? அப்படின்னா தைராய்டு பார்த்தே ஆகணும். அது குறைஞ்சா நாய் மந்தமாகும், கிடந்த இடத்திலேயே கிடக்கும், பார்க்கிறவங்களுக்குச் சோகமா இருக்கிற மாதிரியே தெரியும்.

இதெல்லாம் பாருங்க: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கிரியாட்டினின், ஈரல், தைராய்டு, உண்ணிக் காய்ச்சலுக்கான எர்லிக்கியா சோதனை, இடுப்பு எக்ஸ்ரே. வாயையும் திறந்து பார்க்கச் சொல்லுங்க. கடைவாய்ப் பல் விரிசல் விட்டிருந்தா நாய் பசியோட வந்து தட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடும். எர்லிக்கியா நம்ம ஊர் நாய்களில் சாதாரணம். காய்ச்சலே தெரியாம மாசக்கணக்கில் உடம்புக்குள்ள இருக்கும், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைஞ்சிருக்கிறதுதான் துப்பு.

இடுப்பு வலி இருக்கிற நாயை இன்னொண்ணு இடிச்சா கடிக்கத்தான் செய்யும். அது பொறாமையில்லை, வலி. வலிக்கு மருந்து டாக்டர் எழுதினது மட்டும். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் உடைச்சுப் போட்டுடாதீங்க. ஈரல், குடல், சிறுநீரகம்னு எதையாவது கெடுத்துடும். டைல்ஸ் தரைன்னா அவன் நடக்கிற வழி பூரா ரப்பர் மேட்டோ பழைய யோகா மேட்டோ விரிங்க. வழுக்காம எழுந்திருக்க முடிஞ்சாலே பாதி எரிச்சல் போயிடும்.

அப்புறம், அவனுக்கு நாய்த் துணை வேணுமான்னே பாருங்க. தெருவில் அவனுக்குப் பழகின சாதுவான நாயோட இருபது நிமிஷம் நடக்க விடுங்க. தானா கிட்ட போய், உடம்பு தளர்வா, வாலை அகலமா ஆட்டினா நல்லது. முகத்தைத் திருப்பிக்கிட்டு உங்க காலுக்குப் பின்னாடி வந்து நின்னா அவன் தேடறது உங்களைத்தான். அப்போ இரண்டாவது நாய் வந்தாலும் கேட் பக்கம்தான் படுத்திருப்பான்.

நாலுகால்:
டாக்டர் எல்லாம் சரின்னு சொன்ன பிறகு, என் ஓட்டு அந்த 4 வயசுப் பெட்டைக்குத்தான். சுத்தி வளைக்கலை.

லேப் குட்டி ஏன் வேண்டாம்? ரெண்டு மாசக் குட்டியால் சிறுநீரை ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது, சாப்பாடும் நாளைக்கு நாலு வேளை. எட்டு மணி நேரம் ஆள் இல்லாத வீட்டில் அதை வளர்க்கிற வேலை கிழவன் தலையில்தான் விழும். குட்டிக்கு ஊசி மாதிரி 28 பால் பல். அதைக் கொண்டு அவன் காதையும் தாடைச் சதையையும் பிடிச்சுத் தொங்கும், அவன் எழுந்து நகர நினைச்சா பின்னங்கால் ஒத்துழைக்காது. அதைவிட முக்கியம் வயசுக் கணக்கு. ரெண்டு ஆண் நாய்ங்களுக்குள்ள சண்டை குட்டியா இருக்கும்போது வராது. குட்டி ஒன்றரை ரெண்டு வயசாகி முறுக்கேறும்போதுதான் வரும். அன்னைக்கு அதுக்கு 30 கிலோ, உங்க ஆளுக்கு 11 வயசு. அப்புறம் 50 நாள்ங்கறதே தப்பு. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதுன்னு 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளே சொல்லுது. 50 நாளில் கொடுக்க அவசரப்படறவர்கிட்ட தடுப்பூசி அட்டையையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க.

சிப்பிப்பாறை அருமையான நாய், இந்த வீட்டுக்கு இல்லை. முயலை விரட்டி ஓட வந்த இனம். வளர்ந்த பிறகு நாலரை அடிச் சுவரெல்லாம் அதுக்குத் திண்ணை மாதிரி. ஓடவிடத் திடல் இல்லைன்னா காம்பவுண்டுக்குள்ளயே சுத்திச் சுத்திப் பாய்ஞ்சு கிழவனை இடிச்சுத் தள்ளும்.

பெட்டைக்குச் சாதகம்: எதிர்ப்பால், கருத்தடை ஆனது, ஆட்ட வயசு தாண்டிட்டா, எடையும் அவனை நசுக்கிற எடை இல்லை. அவன் கருத்தடை ஆகாதவன்ங்கறதும் இதில் பிரச்சினையில்லை. ஆனாலும் காப்பகத்தில் மூணு விஷயம் கண்ணால் பாருங்க. ஒண்ணு, பக்கத்தில் இன்னொரு நாய் இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டு வச்சா விறைச்சு நிக்கிறாளா, வேகவேகமா விழுங்கறாளா. ரெண்டு, பெரிய ஆண் நாய்களோட ஒரே கூண்டில் இருந்திருக்காளா. மூணாவதுதான் உயிர்நாடி: இன்னொரு நாய் முகத்தைத் திருப்பிக்கிட்டா இவ நிறுத்தறாளா, இல்லை மேல மேல போய் விழறாளா. நிறுத்தத் தெரிஞ்ச நாய்தான் வயசான நாய்க்குத் துணை. மத்த குணமெல்லாம் பிறகு.

முடிஞ்சா தத்துன்னு கையெழுத்துப் போடாம ரெண்டு மூணு வாரம் தற்காலிகமா வச்சுப் பார்க்கக் கேளுங்க. பல காப்பகங்கள் ஒத்துக்கும்.

வாசல்படி:
சேர்த்துவைக்கிற முறை எழுதறேன். பலர் சொதப்பறது இங்கதான்: ஆட்டோவில் கொண்டுவந்து நேரா கூடத்தில் இறக்கிவிட்டு "பழகிக்கும்"னு உட்கார்ந்துடறாங்க.

முதல் 14 நாள் அவளைத் தனி அறையில் வைங்க. டிஸ்டெம்பர், பார்வோங்கற வைரஸ் நோய்கள், காப்பக இருமல் ஏதாவது உடம்புக்குள்ள இருந்தா வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகலாம். அவனோட வருஷாந்தர ஊசி தவறியிருந்தா அவ வர்றதுக்கு முன்னாடியே போட்டு முடிங்க. அவளுக்குக் குடற்புழு மருந்து, உண்ணி மருந்து ரெண்டும் முதல் நாளே. வலிப்பு வந்த நாய்னா உண்ணி மாத்திரை கொடுக்குமுன் டாக்டர்கிட்ட சொல்லணும். பார்வோ பினாயிலுக்குச் சாகாது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, தரையை முதலில் கழுவிட்டு இதை ஊத்தி, 10 நிமிஷம் ஈரமா விட்டு, அலசுங்க. நாய்களை உள்ளே விடறது காய்ஞ்ச பிறகு.

இரண்டாவது வாரம் அவ படுத்த துணியை அவன் பக்கம், அவன் துணியை அவ பக்கம் மாத்திப் போடுங்க. மோந்துட்டு அங்கேயே படுத்தா நல்ல சகுனம்.

முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், உங்க தெருவிலும் வேண்டாம். ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம், ரெண்டு ஆள், ரெண்டு லீஷ். 15 அடி இடைவெளி விட்டு ஒரே திசையில் பக்கவாட்டில் நடங்க. எதிரெதிரா நடத்தவே கூடாது. பத்து நிமிஷத்தில் தரையை மோந்துக்கிட்டு அவரவர் வேலையைப் பார்க்க ஆரம்பிச்சா இடைவெளியைக் குறைச்சுக்கிட்டே வாங்க. கிட்ட வந்து மோக்க விட்டா மூணு விநாடிதான். உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடையைத் தொடருங்க. லீஷ் "ப" மாதிரி தொங்கணும். இழுத்துப் பிடிச்சா உங்க பயம் கயிறு வழியா இறங்கிடும். இப்படி நாலஞ்சு நாள். அப்புறம் நடந்த களைப்போட ரெண்டையும் ஒண்ணா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்க, அவ முதலில், அவன் பின்னாடி. அவன் ஏற்கெனவே உள்ள இருந்து வாசலைக் காக்கிற நிலைமை வரக் கூடாது.

அதுக்கு முன்னாடி கூடத்தில் இருக்கிற எலும்பு, பந்து, அவனோட பழைய மெத்தை எல்லாத்தையும் எடுத்துடுங்க. தண்ணீர் ரெண்டு மூணு இடத்தில். சாப்பாடு தனித்தனி அறை, கதவு சாத்தி, முடிஞ்ச உடனே தட்டை எடுத்துடணும். இது முதல் மாசத்துக்கு மட்டுமில்லை, எப்பவுமே.

சண்டை வந்தா கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கை நீட்டாதீங்க, கடி உங்களுக்குத்தான் விழும். நடுவில் ஒரு பலகையோ அட்டையோ செருகுங்க, இல்லை ஒரு வாளி தண்ணீர். கடிபட்டா 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. நாய்க்கு ஊசி போட்டிருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க.

உறையூர்வாசி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவுன்னு வந்து மாத்திரை ஆரம்பிச்சாச்சு. செவலை சொன்னது அப்படியே. பெட்டையும் வந்தாச்சு, நடை எல்லாம் சொன்னபடி முடிச்சாச்சு. நேத்து சாயங்காலம் அவன் மேட் பக்கம் அவ போனதும் உறுமினான். நான் அவனை அதட்டிட்டேன். சரியா?

வாசல்படி:
அதட்டினது தப்பு. உறுமல்தான் அவன் கொடுக்கிற எச்சரிக்கை. அதுக்குத் திட்டு வாங்கினா அடுத்த தடவை உறுமாம நேரா பல்லால் பேசுவான். உறுமினா நீங்க அவளைக் கூப்பிட்டு நகர்த்துங்க, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ விலகிப் போனாளா, நின்னு முறைச்சாளா? அதைச் சொல்லுங்க முதலில்.

உறையூர்வாசி:
உடனே திரும்பிப் போய் சமையலறை வாசலில் படுத்துக்கிட்டா.

நாலுகால்:
அப்போ சரியான நாயைத்தான் எடுத்திருக்கீங்க. அவன் மேட்டை மூலைக்கு நகர்த்துங்க, ரெண்டு பக்கம் சுவர், ஒரு பக்கமாவது அவ குறுக்கே நடக்காத இடமா. உறுமல் இல்லாம மூணு நாலு வாரம் போகிற வரைக்கும் நீங்க வேலைக்குப் போகும்போது நடுக்கதவைச் சாத்தியே வைங்க. தைராய்டு மாத்திரை பிடிச்சதும் அவனுக்குச் சுறுசுறுப்பு கூடும், அப்போ அவங்களுக்குள்ள நடக்கிறதும் கொஞ்சம் மாறும். அதனால் அந்தக் கணக்கை மாத்திரை ஆரம்பிச்ச நாளிலிருந்து எண்ணாதீங்க, அவன் முழுசாச் சாப்பிட ஆரம்பிச்ச நாளிலிருந்து எண்ணுங்க.