நினைவில்லாதவருக்கு யார் கையெழுத்து போடுவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை (திருச்சி)

அண்ணனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்பா அம்மா இல்லை, நான் ஒரே தம்பி. ஆபரேஷனுக்கு அப்புறம் கண் திறந்திருக்கும், ஆள் தெரியாது. இங்கே பலருக்கும் அந்த நிலை தெரிந்திருக்கும், விவரிக்கவில்லை. மருத்துவமனைக்குக் கட்டவேண்டிய பணம் அவர் கணக்கிலேயே இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை.

வங்கி மேலாளர் நல்ல மனிதர். கையெழுத்து போட முடியாத நோயாளியிடம் பெருவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை வாங்கி, சாட்சிகள் முன்னால் பணம் கொடுக்க விதி இருக்கிறது என்று அவரே சொல்லி, ஓர் அதிகாரியை மைப்பெட்டியோடு ஐசியூவுக்கு அனுப்பினார். அந்த அதிகாரி அண்ணன் விரலை மையில் அழுத்துகிற நேரம் டூட்டி டாக்டர் உள்ளே வந்தார். "இவருக்கு நினைவு இருக்கிறது என்று நான் எழுதித் தரமாட்டேன். நினைவில்லாதவர் விரலை எடுத்து நீங்கள் வைத்தால் அது யார் வைத்த ரேகை?" என்று கேட்டார். அதிகாரி விரலை விட்டுவிட்டார். நர்ஸ் ஸ்பிரிட் தொட்டு மையைத் துடைத்தார்.

மேலாளர், அதிகாரி, டாக்டர் எல்லோருமே சரியாகத்தான் நடந்தார்கள். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, மருத்துவக் குழு வந்து பார்த்து, என்னை கார்டியன் (சட்டப்படி பாதுகாவலர்) ஆக்கி உத்தரவு கிடைத்தது. அதற்குள் வெளியில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிவிட்டது. சரி, அண்ணனுக்கு நான் ஒருத்தன் இருந்தேன். யாருமே இல்லாதவருக்கு அரசாங்கம் ஓர் ஆளைப் போடுமா? அதற்குச் செலவு யாருடையது?

சேலத்து அம்மா

என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வழி இருக்கிறது. 18 வயது முடிந்தால் பெற்றவளாக இருப்பது போதாது, கலெக்டர் தலைமையில் இருக்கும் குழு நம்மைச் சட்டப்படி பாதுகாவலராக்க வேண்டும்.

அன்றைக்கு மகள் கலெக்டர் மேஜையில் இருந்த மணியை அமுக்கிவிட்டாள். டவாலி ஓடி வந்து நிற்க, எல்லோரும் சிரித்தார்கள். கலெக்டரும் சிரித்துக்கொண்டே கையெழுத்து போட்டார். பேனாவை மூடும்போது, "உங்களுக்கு அப்புறம் யாரும்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஃபைல் வந்துவிட்டது. நல்லவேளை வந்தது, என்னிடம் பதில் இல்லை.

காவிரிக்கரை தம்பி, உத்தரவு வாங்கியதோடு முடியாது. எங்கள் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் வரவு செலவு காட்ட வேண்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. நாப்கின், மாத்திரை, ஆட்டோ என்று எழுதி வைக்கிறேன். வரவுப் பக்கத்தில் ஒரு வரி, செலவுப் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

மயிலாப்பூர் சுந்தரம்

எனக்கு நேரடி அனுபவம் குறைவு. மாமனாருக்கு மறதி நோய் முற்றியபோது அவர் காசோலையில் கையெழுத்துக்குப் பதில் என் மனைவியின் சின்ன வயதுப் பெயரை எழுதினார். வங்கியில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசோலையை மனைவி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

நான் சொல்ல வந்தது வேறு. இதெல்லாம் முன்யோசனை இல்லாததால் வருகிற தொல்லை. 50 வயதைத் தாண்டிய எல்லோரும் உடனே செய்யவேண்டியது: எல்லா வங்கிக் கணக்கையும் ஜாயின்ட் கணக்காக்குங்கள், 'இருவரில் ஒருவர்' என்று போடுங்கள். வைப்புநிதிக்கு நாமினி போடுங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லுங்கள். பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பிக்கையான ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அது கையில் இருந்தால் கோர்ட்டு, கலெக்டர் என்று அலையவே வேண்டாம். அரசாங்கம் எதற்கு இதில்? அண்ணன் தம்பி, பிள்ளைகள் பார்த்துக்கொள்வதுதான் நம் வழக்கம். அரசாங்க கார்டியன் என்று ஆரம்பித்தால் அதற்கு ஒரு டைரக்டர், இணை டைரக்டர், ஜீப் என்று போய் முடியும்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா (ஓய்வு)

சுந்தரம் சார், ஜாயின்ட் கணக்கு வரைக்கும் சரி. பவர் பத்திரம் பற்றிச் சொன்னதை யாரும் நம்பிவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் பவர் செத்துவிடும். 1872 ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு. எந்த நாளைக்காக எழுதி வைத்தீர்களோ அந்த நாளில்தான் அது செல்லாது.

எங்கள் ஆபீஸுக்கு ஒரு பெண்மணி வந்தார். கணவர் கோமாவில். கணவர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை லேமினேட் போட்டுக் கொண்டுவந்திருந்தார், மழையில் நனையக்கூடாதென்று. எங்கள் சீனியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்ல வாய் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து "நீயே சொல்லிடு" என்று எழுந்து போய்விட்டார். நான்தான் சொன்னேன்.

1890 கார்டியன் சட்டம் மைனர்களுக்கு மட்டும். மேஜர் ஒருவர் கோமாவில் விழுந்தால் அவர் சொத்துக்கு கார்டியன் போட தனிச் சட்டமே கிடையாது. 1987 மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் சொத்துக்கு மேலாளர் நியமிக்க ஓர் அத்தியாயம் இருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த புதிய மனநலச் சட்டத்தில் அது இல்லை. அதில் வரும் 'நியமனப் பிரதிநிதி' சிகிச்சை சம்பந்தமாக மட்டும் பேசலாம், வங்கியில் செல்லுபடி ஆகமாட்டார். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் உண்டு, ஆனால் அது மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து முடிவெடுக்கிறவருக்கான ஏற்பாடு. கோமாவில் இருப்பவரோடு என்ன சேர்ந்து முடிவெடுப்பது? அதனால்தான் அரசியலமைப்புச் சட்டம் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு ரிட். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கென்று வழிகாட்டுதல் வகுத்தது.

2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு மனைவியின் வழக்கு. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போ என்றார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ஒரு கோடிக்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்க அனுமதித்தது. அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது. வழக்கு போட ஆள் இருந்ததால் இது நடந்தது. ஆளே இல்லாவிட்டால் சமூக நல அலுவலர் மாதிரி ஓர் அரசு அதிகாரியை நியமிக்கலாம் என்றும் உயர் நீதிமன்ற வழிகாட்டுதல்களில் வருகிறது. எழுத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது, அந்த வேலைக்கென்று ஆள் இல்லை.

வார்டு நம்பர் சொல்லமாட்டேன்

அரசு மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். "அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதியவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் ஒருவர், பல வருட உள்நோயாளி. அவரைப் பார்க்க அவர் தம்பி அபூர்வமாக வருவார். வரும்போதெல்லாம் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், சட்டைப் பையில் மடித்த பத்திரம். ஒருமுறை நான் ஊசி ட்ரே எடுக்கத் திரும்பிய நேரத்தில் அண்ணன் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, மறு கையை மையில் வைத்துவிட்டார். நான் கத்தினேன். நோயாளி பிஸ்கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதற்காகத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். தம்பி என்னிடம், "ரத்த சொந்தம் நான், நீ யாரும்மா?" என்றார். சட்டப்படி பார்த்தால் நான் யாரும் இல்லைதான். அவரும் யாருமில்லை, ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகம். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களுக்குக் குடும்பம் இல்லாமலா இருந்தது? சுந்தரம் சார் ஜீப் செலவு பற்றிக் கவலைப்படுகிறார். ஜீப்பாவது வரட்டும் சார்.

கருவூலத்தார்

செலவு என்ன என்று யாருமே கணக்கு போடாததால் நான் போடுகிறேன். கருவூலத்தில் இருந்தவன், பழக்கம்.

38 மாவட்டம். மாவட்டத்துக்கு 5 பேர் என்றால் 190 ஊழியர். ஒருவருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 50,000 என்று வைத்தால் வருடத்துக்கு 11 கோடியே 40 லட்சம். ஆளுக்கு 20 பேரை ஒப்படைத்தால் 3,800 பேருக்கு கார்டியன் கிடைப்பார். தலைக்கு மாதம் 2,500 ரூபாய். அதாவது சேலத்து அம்மா மகளுக்குக் கொடுக்கிற உதவித்தொகையைவிட 500 ரூபாய் அதிகம், அதுவும் அவளைப் பார்க்க வருகிறவருக்கு! பயணப்படி, தணிக்கை, கோர்ட்டுச் செலவு இதில் இல்லை. 20 என்பதை 100 ஆக்கினால் செலவு ஐந்தில் ஒன்றாகிவிடும், நிதித்துறை அதைத்தான் கேட்கும். 100 பேருக்கு ஒருவர் என்றால் அவர் கையெழுத்து போடும் இயந்திரம், அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. பென்ஷன் நேர்காணலுக்கு ஒரு பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பெயர் கேட்டேன். "நீயே சொல்லு" என்றார். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரராம். உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் என் வேலை, இருந்தார், டிக் போட்டேன். பென்ஷனை எடுப்பது யார் என்று கேட்க என் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஒமாஹா தமிழச்சி

கருவூலத்தார் சார், நீங்கள் போட்ட 20தான் இங்கே அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டத்திலேயே இருக்கும் சராசரி. அது எப்படி வந்தது தெரியுமா? 2013இல் மாநிலத் தணிக்கையில் ஒரு பெண்மணியும் அவர் நிறுவனமும் 600 பேருக்கு மேல் கார்டியனாக இருந்தது வெளியே வந்தது. அத்தனை பேருடைய அரசு உதவிப் பணமும் அவர் கை வழியாகத்தான் போனது. 2014இல், யாருமில்லாதவர்களுக்கு அரசே கார்டியனாக இருக்கும் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்குச் சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம். சீக்கிரமே இடம் நிரம்பிவிட்டது, மீதிப் பேருக்குக் காத்திருப்புப் பட்டியல்.

நான் மருத்துவமனையில் வேலை. ஒரு தாத்தா, சிகிச்சை முடிந்துவிட்டது, டாக்டர் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டார். முதியோர் இல்லத்துப் படிவத்தில் கையெழுத்து போட யாரும் இல்லை. அதே கட்டிலில் கிடந்தார். தினமும் காலையில் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, "வண்டி வந்தாச்சா?" என்பார். அந்தக் கட்டிலுக்கு ஒரு நாளைக்கு ஆகிற செலவில் ஒரு கார்டியனுக்கு எத்தனை நாள் சம்பளம் கொடுக்கலாம் என்று நான் மனசுக்குள் போடாத கணக்கு இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2011இல் ஆய்வு செய்து பார்த்தார்கள். இரண்டரை வருடத்தில் பொதுக் காப்பாளருக்கு ஆன செலவைவிட, அந்த நபர்களின் தங்குமிடச் செலவில் குறைந்த தொகை சற்றே அதிகம். அதனால் உங்கள் 11 கோடியைச் செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதாதீர்கள்.

கருவூலத்தார்

அம்மா, அங்கே அந்தக் கட்டில் செலவு அரசு கணக்கில் விழுகிறது, அதனால் மிச்சமும் அரசு கண்ணில் படுகிறது. இங்கே அந்தச் செலவு காவிரிக்கரை தம்பியின் கந்துவட்டியில் விழுகிறது. அரசு புத்தகத்தில் வராத செலவை மிச்சப்படுத்த எந்த நிதிச் செயலாளர் பணம் ஒதுக்குவார்? திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிச்சமாகும் என்று சொல்லி இதைக் கேட்டால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

தேக்கா மருமகள் (சிங்கப்பூர்)

இங்கே 2010இலிருந்து எல்பிஏ (Lasting Power of Attorney, நிலைத்த அதிகாரப் பத்திரம்) என்று ஒன்று இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே நாளைக்கு யார் முடிவெடுக்கலாம் என்று எழுதி, பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நினைவு போன பிறகுதான் அதற்கு உயிர் வரும், குமாஸ்தா ஐயா சொன்ன பவருக்கு நேர் எதிர். நிறைய பேர் செய்யட்டும் என்று குடிமக்களுக்குக் கட்டணத்தைப் பல வருடம் தள்ளுபடி செய்தார்கள். மாமியாரோடு போனபோது டாக்டர் என்னையும் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்த மாமியார், "உங்க ரெண்டு பேரையும் நம்புறேனான்னு கேட்டாரு" என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். "அது எனக்கும் டாக்டருக்கும்" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

சேலத்து அம்மா

சிங்கப்பூர் வழி புத்தி தெளிவாக இருந்து பிறகு இழந்தவர்களுக்கு. என் மகள் எதை எழுதிக் கொடுப்பாள்? கருவூலத்தார் சார், தலைக்கு 2,500 அதிகம் என்கிறீர்கள். வருகிறவர் மாதம் ஒருமுறை அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார் என்றால் எனக்கு அது அதிகமில்லை. என் 2,000த்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்வேன், ஆனால் மாத்திரைக்குப் போக மீதி இல்லை.

குமாஸ்தா ஐயா, ஒன்று கேட்கிறேன். எனக்கு அப்புறம் சொந்தக்காரர் இல்லாமல் ஒரு தொண்டு நிறுவனமே கார்டியன் ஆக முடியுமா?

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா (ஓய்வு)

முடியும் அம்மா. தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலேயே, பதிவு பெற்ற அமைப்பும் அதே கலெக்டர் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. நீங்கள் இருக்கும்போதே அந்த அமைப்போடு பேசி, ஒப்புக்கொள்வதாக எழுதி வாங்கி வையுங்கள். அவர்கள் வருடாந்திரக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறார்களா என்று முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நேரில் போங்கள், போனில் சொல்லமாட்டார்கள்.