எல்இடி வெளிச்சத்த மஞ்சளாக்க எந்த ஜெல் ஷீட்?

மதுரைல வாடகை வீடு, ஹால்ல 20 வாட் எல்இடி பேட்டன் ரெண்டு, 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை (இந்த எண் கொறைய கொறைய வெளிச்சம் மஞ்சளாகும்). அம்மாவுக்கு போன மாசம் கண்புரை ஆபரேஷன், கொஞ்ச நாள் கூசும்னு டாக்டர் சொன்னார்தான், ஆனா சாயங்காலமானா முந்தானைய கண்ணு மேல போட்டுட்டு உக்கார்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. லைட் ஃபால்ஸ் சீலிங்ல பதிச்சது, ஓனர் கழட்ட விடமாட்டேங்கிறார். மொதல்ல மஞ்சள் கண்ணாடி பேப்பர் ஒட்டினேன், முகமெல்லாம் பச்சையடிச்சுது, பத்தே நாள்ல வெளுத்து சுருங்கிடுச்சு. அப்புறம் வீடியோக்காரங்க போடற ஃபுல் சிடிஓ ஜெல் (வெள்ளை வெளிச்சத்த ஆரஞ்சு கலந்த மஞ்சளாக்கற பிளாஸ்டிக் ஷீட்) வாங்கி போட்டேன், 3200 கெல்வினுக்கு எறங்கிடுச்சு, கூச்சமும் இல்ல, ஆனா வெளிச்சம் பாதியா போச்சு, மாத்திரை அட்டைல இருக்கற பேரகூட அவங்களால படிக்க முடியல. அதவிட வெளிர் நிறமான ஹாஃப் சிடிஓன்னா 3800 வரும்ங்கறாங்க. வீட்டு லைட்ல அத போட்டவங்க யாராவது இருக்கீங்களா, கண்ணு கூசாம படிக்கற அளவு வெளிச்சம் நிக்குதா?