பிளாக்செயின் கார்டு கேம் ஆடுபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

நண்பர்களே, பிளாக்செயினில் ஓடும் கார்டு கேம் ஆடுபவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நான் ஆடும் கேமின் பெயர் வேண்டாம், வீண் சண்டை வரும். சீசன் முடிந்து பெட்டியைத் திறந்தால் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் காமன் கார்டுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, கூடவே கொஞ்சம் டோக்கன் (அந்த கேமின் கிரிப்டோ காசு), அதையும் ஸ்டேக் செய்து பூட்டி வைத்தால்தான் அடுத்த சீசனில் முழு ரிவார்டாம். முன்பு ரிவார்டு கார்டை விற்கவாவது முடிந்தது. இப்போது அது அக்கவுண்டோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பாட் (தானாக ஆடும் புரோகிராம்) வைத்து விடிய விடிய ஆடி, கிடைத்ததை எல்லாம் சந்தையில் கொட்டியவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, சரி, புரிகிறது. ஆனால் அடி வாங்குவது வேலை முடிந்து வந்து நாலு ஆட்டம் ஆடுகிற ஆள்தானே?

ஸ்டேக்கை எடுத்து விற்றுவிடலாமா, இல்லை பொறுக்கலாமா? இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ரிவார்டாகச் சும்மா வந்த டோக்கனுக்கு வாங்கிய விலை என்று நீங்கள் எதைக் காட்டுகிறீர்கள்? ஆடிட்டர் யாராவது இருந்தால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம், காட்ஸ் அன்செயின்ட், ஸ்பிளிண்டர்லேண்ட்ஸ் ஆடுபவர்கள், மாதக் கடைசியில் கையில் உண்மையில் ஏதாவது நிற்கிறதா? ஸ்கிரீன்ஷாட் போட்டால் இன்னும் நல்லது. "வாங்கிப் போடு, ஏறும்" என்று சொல்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.